‘டக்’ என்றொரு சத்தம்

பூன் லே என்னும் பெயர், அந்த வட்டாரத்தில் தோட்டங்களை வைத்திருந்த சூ பூன் லே என்னும் வணிகரின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய காலத்தில் அங்கு ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. 1961ஆம் ஆண்டில் ஜூரோங் தொழிற்பேட்டையை அமைக்கும் பணி தொடங்கியது. அதன் பிறகு தோட்டங்கள் மறைந்தன, தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று பூன் லே பெருவிரைவு ரயில் நிலையத்தைச் சுற்றி அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதியும் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் தொழிற்பேட்டைச் சாலைகள் வரும். அத்தகைய சாலைகளில், தொழிற்சாலைகளுக்கு இடையே, வாகனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் காணலாம்.

அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் நடக்கும் நிகழ்வைக் கற்பனை செய்து பார்க்கலாம். நிகழ்வு கற்பனைதான். ஆனால், அதில் வரும் பழுதும் அதைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்மையானவை.

பெரியவரின் கவலை

பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் வாகனத்தைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறார். அது பதினேழு ஆண்டுகள் ஓடிய நான்கு சக்கர இயக்க வாகனம். அதாவது, தேவைப்படும்போது இயந்திரத்தின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பக்கூடிய வாகனம்.

“முன்னால வலப்பக்கம் ‘டக்’னு ஒரு சத்தம் வருது, தம்பி. ரெண்டு மாசமா இப்படித்தான். வேற ஒரு இடத்துல காட்டினேன். ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தணும்னாங்க. மாத்தியும் பார்த்தாச்சு. காசு போச்சு, சத்தம் போகல” என்கிறார் பெரியவர்.

அவருடைய கவலைக்குக் காரணம் இருக்கிறது. மூன்று வாரங்களில் பள்ளி விடுமுறை. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக மலேசியாவில் உள்ள ஈப்போவுக்குச் செல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நெடுஞ்சாலையில் பல மணி நேரம் வேகமாக ஓட்ட வேண்டிய பயணம் அது.

சிங்கப்பூரில் பதினேழு ஆண்டுகள் ஓடிய வாகனத்தை வைத்திருப்பதும் எளிதன்று. 1990ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த வாகனப் பங்கீட்டு முறையின்படி, ஒரு வாகனத்தை வாங்குபவர் வாகன உரிமைச் சான்றிதழையும் பெற வேண்டும். அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வாகனத்தைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். அல்லது கட்டணம் செலுத்தி ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்திற்குச் சாலை வரியும் கூடுதல். அதை ஆண்டுதோறும் சோதனை நிலையத்திற்குக் கொண்டுசென்று, சாலையில் ஓடத் தகுதியானது என்று உறுதிசெய்ய வேண்டும். பெரியவர் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறார். இன்னும் மூன்று ஆண்டுகள் அந்த வாகனத்தை அவர் ஓட்டலாம். அதைப் பாதுகாப்பாக ஓட்ட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

முதல் கருவி வினா

பட்டறைக்காரர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. அவரிடம் தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவி ஒருவர் வேலைப் பயிற்சி பெறுகிறார். அவரை அருகில் அழைத்து, பெரியவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகு ஒவ்வொரு வினாவாகக் கேட்கிறார்.

“வேகமாப் போகும்போது வருதா, மெதுவாப் போகும்போது வருதா, ஐயா?”

“மெதுவாப் போகும்போதுதான்.”

“பிரேக் போட்டா வருதா?”

“இல்லை.”

“ஸ்டீயரிங்கைத் திருப்பினா?”

“அதுக்கும் வராது. மேடு பள்ளத்துல ஏறி இறங்குறப்பதான் வருது. ஆனா எல்லா மேட்டுலயும் வராது. அதுதான் எனக்குப் புரியல.”

“மழை பெய்யும்போது சத்தம் குறையுதா?”

பெரியவர் சற்று யோசிக்கிறார். “இல்லையே. மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் ஒரே மாதிரிதான்.”

மாணவிக்குக் கடைசி வினா விளங்கவில்லை. மழைக்கும் சத்தத்திற்கும் என்ன தொடர்பு? பட்டறைக்காரர் விளக்குகிறார். வாகனத்தின் அடிப்பகுதியில், உலோகத் துண்டுகள் சேரும் இடங்களில் ரப்பர் வளையங்கள் இருக்கும். அவற்றைப் புஷ் என்பார்கள். ஒருகாலத்தில் பூன் லேயில் விளைந்த அதே ரப்பர்தான். வெப்பமும் எண்ணெய்க் கசிவும் ஆண்டுகளின் முதிர்ச்சியும் சேர்ந்து அதை இறுகவும் வெடிக்கவும் செய்யும். காய்ந்து இறுகிய புஷ் ‘கிரீச், கிரீச்’ என்று கத்தும். மழைநீர் பட்டால் அந்தச் சத்தம் சற்று நேரம் அடங்கிவிடும். எனவே, மழையில் சத்தம் மறைந்தால் புஷ்ஷின் மீது ஐயம் கொள்ளலாம். மழையிலும் மாறாமல் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரே வினாவினால் தேட வேண்டிய இடங்கள் குறைந்துவிடுகின்றன.

மருத்துவரும் இதைத்தான் செய்கிறார். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று கேட்ட பிறகே அவர் உடலைச் சோதிக்கிறார். 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ரெனே லெனெக், தாளைக் குழாய்போல் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். மருத்துவர்களின் இதயத்துடிப்பு மானி அதிலிருந்து வளர்ந்ததே. அதே கருவியின் முனையில் நீண்ட உலோகக் கம்பியைப் பொருத்தி, வாகனத்தின் எந்தப் பாகத்திலிருந்து சத்தம் வருகிறது என்று கேட்பவர்களும் உண்டு. நோய் இன்னதென்று அறிவதோடு நிற்காமல், அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பிறகே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறுகிறது. அந்த அறிவுரை பட்டறைக்கும் பொருந்தும்.

சத்தங்களின் மொழி

சாலையின் அதிர்ச்சி பயணிகளை அடையாமல் தாங்கிக்கொள்ளும் அமைப்பையே சஸ்பென்ஷன் என்கிறோம். பெரியவரின் வாகனத்தில், முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு உலோகக் கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுக்கு மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்று பெயர். கீழ் ஆர்மின் மீது சுருள்வில் நின்று வண்டியின் எடையைத் தாங்குகிறது. வில் தொடர்ந்து துள்ளாமல் ஷாக் அப்சார்பர் அடக்குகிறது. ஆர்மின் முனையும் சக்கரத்தைத் தாங்கும் பாகமும் சேரும் இடத்தில் பால் ஜாயின்ட் இருக்கிறது. மனிதனின் தோள் மூட்டைப்போல, கிண்ணத்திற்குள் அமர்ந்த பந்து அது. சக்கரம் மேலும் கீழும் அசையவும் பக்கவாட்டில் திரும்பவும் அதுவே இடம் தருகிறது.

இவற்றில் எந்தப் பாகம் கெட்டாலும் சத்தம் வரலாம். ஆனால், எல்லாச் சத்தமும் ஒன்றன்று. வேகம் கூடக் கூட ‘ஊ’ என்ற இரைச்சலும் கூடினால், சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது ‘டக்டக்டக்’ என்று தொடர்ச்சியாக வந்தால், சக்கரத்திற்கு விசையைக் கொண்டுசெல்லும் அச்சின் மூட்டைப் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் ஒரு தட்டல் கேட்டால், பிரேக் பாகங்களோ ஆர்மின் புஷ்ஷோ தளர்ந்திருக்கலாம்.

நான்கு சக்கர இயக்க வாகனத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரத்தைக் கடப்பதில்லை. பழைய வாகனங்கள் பலவற்றில், நான்கு சக்கர நிலையைத் தேர்ந்தெடுத்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பிணைக்கப்படும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி, அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அதனால் அச்சுகள் முறுக்கேறி, குலுக்கலும் தட்டலும் உண்டாகும். பழுதே இல்லாத வாகனம்கூடச் சத்தம் போடும்.

எனவே, பட்டறைக்காரர் முதலில் பார்ப்பது நெம்புகோலைத்தான். அது இரு சக்கர இயக்கத்தில் இருக்கிறது. ஒரு வாய்ப்பு நீங்கியது. மாணவி தம் பட்டியலில் அதை அடித்துவிடுகிறார்.

ஓட்டிப் பார்த்தல்

கேட்காத சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, அடுத்த படி அதை மீண்டும் வரவழைப்பது. பட்டறைக்காரர் ஓட்டுகிறார், மாணவி அருகில் அமர்ந்து கேட்கிறார், பெரியவர் பின்னால் அமர்ந்திருக்கிறார். வண்டி ஆளில்லாத ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் மெதுவாகச் செல்கிறது.

முதலில் ஒரு வேகத்தடை. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றன. சத்தம் இல்லை.

அடுத்து, சாலையோரத்தில் சற்று உயர்ந்திருந்த இரும்பு மூடி ஒன்றின் மீது இடச் சக்கரம் மட்டும் ஏறும்படி ஓட்டுகிறார். ‘டக்!’

வண்டியைத் திருப்பி, அதே மூடியின் மீது வலச் சக்கரத்தை மட்டும் ஏற்றுகிறார். ‘டக்!’

மீண்டும் வேகத்தடை. அமைதி.

“பார்த்தீங்களா, ஐயா? நீங்க சொன்னது சரிதான். எல்லா மேட்டுலயும் வரல” என்கிறார் பட்டறைக்காரர். பிறகு மாணவியிடம், “என்ன தெரியுதும்மா?” என்று கேட்கிறார்.

மாணவி தாம் எழுதியதைப் பார்க்கிறார். “ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா சத்தம் இல்லை. ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் ஏறினா சத்தம் வருது. எந்தப் பக்கம் ஏறினாலும் வருது, அண்ணே.”

“அப்படின்னா, அது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமான பாகமா?”

மாணவி சற்று யோசித்து, “ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கிற பாகமா இருக்கணும்” என்கிறார்.

வாகனத்தின் முன்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் வளைந்த எஃகுத் தண்டு ஒன்று உண்டு. அதை ஸ்டெபிலைசர் தண்டு என்பார்கள். அதன் இரு முனைகளும் லிங்க் எனப்படும் சிறு கம்பிகளால் இடப்பக்க ஆர்முடனும் வலப்பக்க ஆர்முடனும் இணைந்திருக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் தடுப்பதே அதன் வேலை. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால், தண்டும் முழுமையாக மேலே எழும், முறுக்கேறாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் தண்டு முறுக்கேறும். அப்போது லிங்க்கின் மூட்டு தளர்ந்திருந்தால், அந்த இடைவெளி ‘டக்’ என்று அடித்து மூடிக்கொள்ளும்.

இந்த விளக்கம் ஷாக் அப்சார்பருக்குப் பொருந்துமா? பொருந்தாது. ஷாக் அப்சார்பர் கெட்டிருந்தால், இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறிய வேகத்தடையிலும் அது தன் குறையைக் காட்டியிருக்க வேண்டும். முன்பு பார்த்தவர் இரண்டு வகை மேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், பெரியவரின் பணம் வீணாகியிருக்காது.

காது காட்டும் இடம்

பட்டறைக்குத் திரும்பியதும் மாணவி வலப்பக்கச் சக்கரத்தின் அருகே குனிகிறார். பெரியவருக்குச் சத்தம் கேட்டது வலப்பக்கம் அல்லவா?

பட்டறைக்காரர் தடுக்கிறார். “காது சொல்றதை எழுதி வச்சுக்கோம்மா. ஆனா அதையே முடிவா எடுத்துக்காதே.”

அதற்கு அறிவியல் காரணம் உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தூரம் செல்கிறது. எஃகில் அது 5,000 மீட்டருக்கும் மேல் செல்கிறது. வாகனத்தின் அடிப்பகுதி முழுவதும் எஃகுத் தண்டுகளாலும் சட்டங்களாலும் ஆனது. ஒரு முனையில் எழும் தட்டல் மறுமுனைக்கு நொடியின் மிகச் சிறு பங்கில் சென்றுவிடும். அது எங்கே உடலோடு நன்றாக ஒட்டியிருக்கிறதோ அங்கே உரக்கக் கேட்கும். சிங்கப்பூரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். அவர் காலருகே வந்து சேரும் சத்தம், அங்கேயே பிறந்ததாக அவருக்குத் தோன்றும்.

வண்டியைத் தூக்கி வைத்துப் பார்ப்பதும் சில நேரங்களில் ஏமாற்றும். உயரத் தூக்கியதும் சக்கரங்கள் தொங்கும். சாலையில் ஓடும்போது பாகங்களின் மீது இருக்கும் எடை அப்போது மாறிவிடும். எனவே, பட்டறைக்காரர் வண்டியின் சக்கரங்கள் சாய்மேடையில் நிற்கும்படி நிறுத்துகிறார். எடை சக்கரங்களின் மீதே இருக்கிறது. உதவியாளர் ஒருவர் வண்டியின் ஒரு மூலையை அழுத்தி அழுத்தி விடுகிறார். பட்டறைக்காரர் கையுறை அணிந்து, விரல் சிக்காத இடத்தில் வலப்பக்க லிங்க்கைத் தொட்டுப் பார்க்கிறார். அசைவு இல்லை. பிறகு இடப்பக்க லிங்க். கையில் ஒரு சிறு தட்டல் உணரப்படுகிறது.

மாணவியும் தொட்டுப் பார்க்கிறார். அவருடைய முகம் மாறுகிறது. இரண்டு மாதங்களாக வலப்பக்கம் கேட்ட சத்தம் இடப்பக்கத்தில் பிறந்திருக்கிறது.

இன்னும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு, பட்டறைக்காரர் வளாகத்திற்குள்ளேயே நடைவேகத்தில் வண்டியை ஓட்டுகிறார். ஒரு பலகையின் மீது ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குகிறார். சத்தம் இல்லை. பழைய லிங்க்குகளை மாட்டினால் சத்தம் திரும்ப வருகிறது. புதியவற்றை மாட்டினால் மறைந்துவிடுகிறது. இப்போது இது ஊகம் அன்று, உறுதி. புதிய லிங்க்குகளின் விலை, பெரியவர் வீணாக மாற்றிய ஷாக் அப்சார்பர்களின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சத்தம் போடாத பழுது

“அப்பாடா! முடிஞ்சுது இல்லையா, தம்பி?” என்று பெரியவர் சாவிக்குக் கை நீட்டுகிறார்.

“சத்தம் முடிஞ்சுது, ஐயா. சோதனை இன்னும் முடியல. பேரப்பிள்ளைகளோட ஈப்போவுக்குப் போறேன்னு சொன்னீங்களே” என்கிறார் பட்டறைக்காரர்.

அவர் ஜாக்கியை வண்டியின் சட்டத்திற்கு அடியில் வைக்காமல், வலப்பக்கக் கீழ் ஆர்முக்கு அடியில் வைக்கிறார். சட்டத்தின் கீழ் வைத்துத் தூக்கினால், சுருள்வில் ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் பால் ஜாயின்ட் இறுகி நிற்கும். தளர்ச்சி வெளியே தெரியாது. ஆர்முக்கு அடியில் வைத்துத் தூக்கினால், வில்லின் விசையை ஜாக்கி ஏற்றுக்கொள்ளும். மூட்டு விடுபடும். பிறகு, டயருக்கு அடியில் நீண்ட கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்புகிறார்.

சக்கரம் சற்று மேலே எழுந்து, ‘தப்’ என்று மீண்டும் அமர்கிறது.

விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கீழ் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. அதன் வழியாக மழைநீரும் மணலும் உள்ளே சென்று, கிரீஸைக் கெடுத்து, பந்தைத் தேய்த்துவிட்டன. ஓடும்போது வண்டியின் எடை அந்த மூட்டை அழுத்திக்கொண்டே இருந்ததால், அது சத்தம் போடவில்லை. சத்தம் போட்ட லிங்க் முறிந்திருந்தால், வளைவில் வண்டி சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். சத்தமே போடாத இந்த மூட்டு கழன்றால், சக்கரம் மடிந்து, ஸ்டீயரிங் கட்டுப்பாடே போய்விடும்.

இதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப் வாகனங்களையும் பெரிய குடும்ப வாகனங்களையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது முன்பக்கக் கீழ் பால் ஜாயின்ட்டின் பரப்பில் கீறல் ஏற்பட்டிருக்கலாம். அதனால் மூட்டு விரைவில் தேய்ந்து பிரியக்கூடும் என்பதே காரணம். ஸ்டீயரிங்கைத் திருப்ப அதிக விசை தேவைப்படுவதும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாததும், முன்பக்கத்தில் சத்தம் கேட்பதும் அதன் அறிகுறிகள் என்று உரிமையாளர்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது. விரல்களுக்குள் அடங்கும் ஒரு மூட்டுக்காக இலட்சக்கணக்கான வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

பெரியவர் தயங்குகிறார். ஒருமுறை ஏமாந்தவர் அவர். சத்தமும் நின்றுவிட்டது. இன்னொரு செலவு உண்மையிலேயே தேவைதானா?

பட்டறைக்காரர் வற்புறுத்தவில்லை. கடப்பாரையை அவர் கையில் கொடுக்கிறார். “நீங்களே நெம்பிப் பாருங்க, ஐயா.”

பெரியவர் நெம்புகிறார். சக்கரம் எழுந்து அமர்கிறது. இடப்பக்கச் சக்கரத்தையும் அதேபோல் நெம்பிப் பார்க்கிறார். அது அசையவில்லை. இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய கைகளே அவருக்குச் சொல்லிவிட்டன. சற்று நேரம் கழித்து, “மாத்திடுங்க தம்பி” என்கிறார்.

வேலையின் முடிவும் வேலைதான்

புதிய பாகத்தைப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. பால் ஜாயின்ட்டின் நட்டை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு விசையோடு இறுக்க வேண்டும். அது கழலாமல் இருக்கப் புதிய ஊசியைச் செருக வேண்டும். வேலைக்காகத் தளர்த்திய ஆர்மின் புஷ்களை, சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை அவற்றின் மீது இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். கடைசியாக, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரிசெய்ய வேண்டும்.

கழற்றிய பாகங்களைப் பட்டறைக்காரர் ஒரு பையில் போட்டுப் பெரியவரிடம் காட்டுகிறார். எதற்காகப் பணம் கொடுத்தோம் என்பதைக் கண்ணால் பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

மாணவி தம் குறிப்பேட்டைப் புரட்டுகிறார். தொடக்கத்தில் அவர் எழுதிய ஐயங்கள் ஏழு. அவற்றுள் ஆறு அடிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது ஏன் நீங்கியது என்ற காரணம் இருக்கிறது. ஏழாவதாக இருந்த லிங்க்கின் பக்கத்தில், ‘கழற்றினால் சத்தம் இல்லை, மாட்டினால் சத்தம் உண்டு’ என்று எழுதியிருக்கிறார். பால் ஜாயின்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதைக் கீழே தனியாக எழுதி, அடிக்கோடிடுகிறார்.

பட்டறையில் கற்கும் இந்தப் பாடம் பட்டறைக்கு மட்டும் உரியதன்று. கணினி இயங்காதபோதும், செடி வாடும்போதும், படித்தும் மதிப்பெண் குறையும்போதும் மனம் முதலில் தோன்றிய காரணத்தையே பிடித்துக்கொள்ள விரும்புகிறது. அந்தக் காரணம் சரியா என்று சோதிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால், சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

மாலையில் பெரியவர் வண்டியை வெளியே எடுக்கிறார். சாலையோரத்து இரும்பு மூடியை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே இடச் சக்கரத்தை அதன் மீது ஏற்றுகிறார். காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறார். திருப்தி இல்லாமல், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வலச் சக்கரத்தையும் ஏற்றிப் பார்க்கிறார். பிறகுதான் வீட்டை நோக்கி ஓட்டுகிறார்.

சிந்தித்து விடை எழுதுக

1. பட்டறைக்காரர் மழையைப் பற்றி ஏன் கேட்டார்? அந்த வினாவினால் அவருக்கு என்ன தெரிந்தது?

2. ஷாக் அப்சார்பர் காரணம் அன்று என்பதை எந்தச் சோதனை காட்டியது? விளக்குக.

3. சத்தம் வலப்பக்கம் கேட்டது. பழுது இடப்பக்கம் இருந்தது. இதற்குரிய அறிவியல் காரணத்தை உன் சொந்த நடையில் எழுதுக.

4. பெரியவரை வற்புறுத்தாமல், பட்டறைக்காரர் அவர் கையிலேயே கடப்பாரையைக் கொடுத்தார். இச்செயல் அவருடைய எத்தகைய பண்பைக் காட்டுகிறது?

5. உன் வாழ்வில் ஒரு சிக்கலுக்குத் தவறான காரணத்தை ஊகித்த நிகழ்வு ஒன்றைக் கூறு. உண்மையான காரணத்தை எவ்வாறு கண்டுபிடித்தாய் என்று வகுப்பில் கலந்துரையாடு.